மாவு விளம்பரத்தில் ஒரு முகம்

கூலியும் சட்டமும் – 17

ஆடையை உடுத்திக் காட்டுவதையே தொழிலாகக் கொண்டவரைப் பிரெஞ்சு மொழியில் குறிக்கும் ‘மானெக்கன்’ என்னும் சொல், ‘சிறு மனிதன்’ என்று பொருள்படும் பழைய டச்சுச் சொல்லிலிருந்து வந்தது. ஓவியர்களும் தையற்காரர்களும் துணியைப் போர்த்திப் பார்த்த மரப்பொம்மையின் பெயராக இருந்த அது, 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் ஆடையகங்கள் பொம்மைக்குப் பதிலாக உயிருள்ள பெண்களுக்குப் புது ஆடைகளை உடுத்திச் சீமாட்டிகளுக்குக் காட்டத் தொடங்கியபோது, அப்பெண்களின் மீதும் அப்படியே படிந்தது. 1858-இல் பாரிசில் ஆடையகம் தொடங்கிய சார்லஸ் ஃபிரெடெரிக் வொர்த் இவ்வழக்கத்தைப் பரப்பியவராகக் கருதப்படுகிறார். பெயரளவில் பொம்மைக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு இல்லாமற் போனது போலவே, அவள் செய்வது உழைப்பா, உருவத்தை இரவல் தருவது மட்டுந்தானா என்பதிலும் சட்டம் நெடுங்காலம் தெளிவில்லாமலே இருந்தது. சென்ற பகுதியில் கண்ட டிரையாங்கிள் தொழிற்சாலைத் தீ விபத்தில் 1911-இல் மாண்ட 146 பேருக்கு முதலாளி யார் என்பதில் ஐயம் எழவில்லை. அவர்கள் தைத்தது போன்ற ஆடைகளை அணிந்து அதே நியூயார்க் நகரில் நின்ற பெண்களுக்கு முதலாளி யார் என்பதோ ஒரு நூற்றாண்டு கடந்தும் விடை கிடைக்காத கேள்வியாக நீடித்தது.

அக்கேள்வி எவ்வாறு எழுகிறது என்பதை விளங்கிக்கொள்ள இத்தொழிலின் அமைப்பை அறிய வேண்டும். ஆடை நிறுவனமோ இதழோ விளம்பர நிறுவனமோ வேலை தருகிறது. தொழில் வழக்கில் அதைக் ‘கிளையண்ட்’ என்பர். மாடல் அவ்வேலையைச் செய்கிறார். இருவருக்கும் நடுவில் நிற்கும் ஏஜென்சி, அதாவது முகவர் நிறுவனம், வேலையைப் பிடித்து, கூலியைப் பேசி, பணத்தைத் தானே வாங்கி, தன் தரகைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை மாடலிடம் தருகிறது. வேலை ஒருநாளோ அரைநாளோ நடப்பதால் கிளையண்ட் தன்னை முதலாளியாகக் கருதுவதில்லை; வேலையைத் தான் வாங்கவில்லை, வாங்கித் தருவது மட்டுமே தன் பணி என்பதால் ஏஜென்சியும் அப்பொறுப்பை ஏற்பதில்லை. இந்த இடைவெளியில்தான் பின்னர் விளைந்த முறைகேடுகள் அனைத்தும் வேர்விட்டன.

நியூயார்க் மாநிலச் சட்டம் இத்துறையின் பக்கம் முதன்முதலில் திரும்பியது ஓர் உழைப்பாளியின் பொருட்டு அன்று. ராச்செஸ்டர் நகரைச் சேர்ந்த அபிகெய்ல் ராபர்சன் என்ற இளம்பெண்ணின் படத்தை, அவருடைய இசைவின்றி, ஃபிராங்க்ளின் மில்ஸ் என்ற மாவு நிறுவனம் ஏறத்தாழ 25,000 விளம்பரத் தாள்களில் அச்சிட்டுக் கடைகளிலும் மதுக்கூடங்களிலும் ஒட்டியது. தெரிந்தவர்களின் ஏளனத்தால் மனமுடைந்து நோயுற்றதாகக் கூறி அவர் தொடுத்த வழக்கில், மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 1902-இல் நால்வருக்கு மூவர் என்ற பெரும்பான்மையில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தன் உருவத்தைப் பிறர் பயன்படுத்தாமல் தடுக்கும் உரிமை எதுவும் பழைய சட்ட மரபில் காணப்படவில்லை என்று தலைமை நீதிபதி ஆல்ட்டன் பார்க்கர் எழுதியதோடு, அழகாக இருப்பதால்தானே படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், இதைப் பாராட்டாகக் கொள்வோரும் இருப்பரே என்னும் தொனியிலும் பேசினார். பொதுமக்கள் கொதித்தெழுந்ததால் 1903-இல் மாநிலச் சட்டமன்றம் ஒரு புதிய சட்டத்தை இயற்றி, எழுத்துமூல இசைவில்லாமல் ஒருவரின் பெயரையோ படத்தையோ விளம்பரத்துக்கும் வணிகத்துக்கும் பயன்படுத்துவதைக் குற்றமாக்கியது. மறு ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட அதே பார்க்கர், புகைப்படக்காரர்கள் தம்மையும் தம் குடும்பத்தையும் விடாமல் துரத்துவதாகக் குறைபட்டுக்கொள்ள, அவருடைய தீர்ப்பை அவருக்கே நினைவூட்டி ராபர்சன் எழுதிய கடிதம் நாளிதழில் வெளிவந்தது. வரலாறு இத்தனை கச்சிதமாகக் கணக்குத் தீர்ப்பது அரிது.

இச்சட்டம் காத்தது முகத்தை. முகத்தைத் தந்து பிழைப்பவரின் கூலியை அன்று. எழுத்துமூல இசைவு இருந்தால் போதும் என்ற அதன் விதியே, காலப்போக்கில் ‘ரிலீஸ்’ எனப்படும் ஒப்புதல் தாளாக மாறி, ஒவ்வொரு படப்பிடிப்பின் முடிவிலும் மாடலின் கையெழுத்துக்காக நீட்டப்படலாயிற்று. அந்தத் தாளின் வலிமை 1983-இல் வெளிப்பட்டது. நடிகை புரூக் ஷீல்ட்ஸ், தமக்கு 10 வயதாக இருந்தபோது எடுக்கப்பட்ட படங்கள் மீண்டும் வெளியாவதைத் தடுக்க முயன்றபோது, அன்று அவருடைய தாய் இட்ட கையெழுத்து வளர்ந்த மகளையும் கட்டுப்படுத்தும் என்று அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது. ராபர்சனுக்காகக் கட்டப்பட்ட வேலி, 80 ஆண்டுகளில் எதிர்ப்புறத்தாரின் மதிலாகியிருந்தது.

கூலியின் வரலாறு தனி வழியில் நடந்தது. ஜான் ராபர்ட் பவர்ஸ் 1923-இல் நியூயார்க்கில் மாடல்களுக்கென ஏஜென்சி தொடங்கினார். 1930-களின் இறுதியில் ஹாரி கானோவரும், 1946-இல் ஐலீன் ஃபோர்ட், ஜெர்ரி ஃபோர்ட் இணையரும் அவரைத் தொடர்ந்தனர். வேலை வாங்கித் தரும் எந்த நிறுவனமும் உரிமம் பெற வேண்டும் என்பது அம்மாநிலத்தின் விதி. கலை நிகழ்ச்சி சார்ந்த வேலைகளுக்கு வாங்கக்கூடிய தரகு பெரும்பாலும் 10 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்ற உச்சவரம்பும் அதில் இருந்தது. உரிமம் என்பது வெறும் காகிதமன்று என்பதைக் கானோவரின் வீழ்ச்சி காட்டியது: மாடல்களுக்குச் சேர வேண்டிய தொகையை நிறுத்தி வைத்ததாக எழுந்த புகார்களால் 1959-இல் அவருடைய நிறுவனம் மூடப்பட்டது. ஃபோர்ட் இணையர் கொண்டுவந்த ‘வவுச்சர்’ முறையோ மாடல்களுக்குப் பேருதவியாக அமைந்தது. வேலை முடிந்ததும் எத்தனை மணிநேரம் நடந்தது என்பதை ஒரு சீட்டில் எழுதிக் கிளையண்டிடம் கையொப்பம் பெற்று ஏஜென்சியில் கொடுத்தால், கிளையண்டிடமிருந்து பணம் வரும்வரை காத்திருக்க வைக்காமல் ஏஜென்சியே அந்தத் தொகையை முன்னதாகத் தந்துவிடும். மாதக்கணக்கில் பணத்துக்கு அலைந்த மாடல்கள் அதை வரவேற்றதில் வியப்பில்லை. ஆயினும், ஏஜென்சி முன்பணம் தருவதும் அதை வருமானத்தில் பிடித்துக்கொள்வதுமான பழக்கத்தை ஊன்றியதும் அச்சீட்டுத்தான்.

1970-களில் ஒரு சொல் மாறியது. வேலைவாய்ப்பு நிறுவனச் சட்டம், கலைஞர்களின் தொழில் வாழ்வை ‘மேலாண்மை’ செய்பவர்களுக்கு ஒரு விலக்கு அளித்திருந்தது: ஆலோசனை கூறுவதே முதன்மைப் பணியாக இருந்து, வேலை தேடித் தருவது அதனோடு ஒட்டி நிகழ்வது மட்டுமாக இருந்தால், உரிமமும் வேண்டா, தரகு உச்சவரம்பும் இல்லை. ஏஜென்சிகள் தம்மை ‘மாடல் மேலாண்மை நிறுவனங்கள்’ என்று அழைத்துக்கொள்ளத் தொடங்கின. அவை செய்த வேலையில் மாற்றம் ஏதுமில்லை. நாளெல்லாம் தொலைபேசியில் வேலை பிடித்துக் கொடுத்தவர்கள் அதையே தொடர்ந்தனர். பெயர்ப்பலகை மாறியது, தரகு 20 விழுக்காடாக உயர்ந்தது. கிளையண்டிடமிருந்து தனியே ஒரு 20 விழுக்காட்டைச் ‘சேவைக் கட்டணம்’ என்று வாங்குவதும் வழக்கமானதால், மாடலின் சார்பாகக் கூலி பேசுபவர் எதிர்த்தரப்பிடமும் பணம் பெறும் விசித்திரமான நிலை தோன்றியது. நிலத்தரகில் இரு பக்கமும் கமிஷன் வாங்குவது உண்டு. ஆனால் அங்கே தரகர் ‘நான் உங்கள் மேலாளர்’ என்று சொல்லிக்கொள்வதில்லை.

இந்த மாற்றத்தின் விளைவு ஒரு புதிய மாடலின் கணக்குத் தாளைப் பார்த்தால் புலப்படும். வெளிநாட்டிலிருந்தோ தொலைவிலுள்ள சிற்றூரிலிருந்தோ வரும் 16, 17 வயதுப் பெண்ணுக்கு விமானச் சீட்டை ஏஜென்சி எடுத்துத் தருகிறது. அது அவள் பேரில் பற்று எழுதப்படுகிறது. திறமையைக் காட்டும் ‘டெஸ்ட்’ படப்பிடிப்பின் செலவு, ‘புக்’ எனப்படும் படத் தொகுப்பின் செலவு, உயரமும் உடலளவும் அச்சிட்ட ‘காம்ப்’ அட்டையின் செலவு, அதைக் கிளையண்டுகளுக்கு அனுப்பிய கூரியர் கட்டணம், ஏஜென்சியின் இணையதளத்தில் அவள் படம் இருப்பதற்கான கட்டணம் ஆகியவை அடுத்தடுத்து வருகின்றன. தங்குவதற்கு ஏஜென்சியே ஏற்பாடு செய்யும் ‘மாடல் அபார்ட்மெண்ட்’ என்ற வீட்டில், ஓர் அறையில் இரண்டடுக்குக் கட்டில்களை நிரப்பிப் பலரைத் தங்கவைத்து, ஒவ்வொருவரிடமும் தனித்தனியே வாடகை பிடிப்பார்கள். எல்லா வாடகையையும் கூட்டினால் அவ்வீட்டின் சந்தை வாடகையைத் தாண்டிவிடும் என்பது மாடல்கள் தொடர்ந்து கூறிவந்த புகார். வரவுப் பக்கத்திலோ, புகழ்பெற்ற இதழ் ஒன்றில் படம் வந்ததற்கான சொற்பத் தொகையும், சில வேளைகளில் காசுக்குப் பதில் கொடுத்த ஆடைகளும் மட்டுமே இருக்கும். பருவம் முழுதும் உழைத்தும் ஏஜென்சிக்குக் கடன்பட்டு ஊர் திரும்பியவர்கள் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் கங்காணி முறையில், கப்பலேறுமுன் கொடுத்த முன்பணம் தொழிலாளியை எவ்வாறு கட்டிப்போட்டது என்பதை இத்தொடரின் தொடக்கப் பகுதிகளில் படித்தவர்களுக்கு இக்கணக்கின் போக்கு புதிதாகத் தோன்றாது. அதனோடு, காசோலையைப் பணமாக்குவதிலிருந்து படத்தின் உரிமையை விற்பது வரை அனைத்தையும் ஏஜென்சி தானே செய்துகொள்ள வழிவிடும் பவர் பத்திரமும் சேரும்போது, தன் பேரில் என்ன வரவு வந்தது என்பதை அறியும் வழியும் அடைபட்டது.

2002-இல் நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் மாடல்கள் தொடுத்த கூட்டு வழக்கு, இந்த அமைப்பின் மீது விழுந்த முதல் பெரிய அடி. ஒரே நிலையிலுள்ள பலருக்காகச் சிலர் முன்னின்று நடத்தும் வழக்கே கூட்டு வழக்கு எனப்படும். முன்னணி ஏஜென்சிகள் தமக்குள் கூடிப் பேசித் தரகை 20 விழுக்காட்டில் நிலைநிறுத்தி, போட்டிக்கு எதிரான சட்டத்தை மீறின என்பது குற்றச்சாட்டு. ஏஜென்சிகள் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே ஏறத்தாழ 2.2 கோடி டாலர் தந்து சமரசம் செய்துகொண்டன. அதன் பின் நிகழ்ந்ததுதான் கூர்ந்து நோக்கத்தக்கது: பணத்தில் பங்கு கோரி வந்த மாடல்களுக்கெல்லாம் கொடுத்த பின்னும் பல லட்சம் டாலர் மிஞ்சியது. எஞ்சியதை அறப்பணிகளுக்கு வழங்க நீதிபதி ஆணையிட, உரிமை கோரியவர்களுக்கே கூடுதலாகத் தரலாமா என்பதை மறுபடி எண்ணிப் பார்க்குமாறு 2007-இல் மேல் நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பியது. தரகு விதியை மாற்றும் கட்டளை எதுவும் இதனால் பிறக்கவில்லை.

மாடல்கள் ஏன் சங்கம் அமைத்துப் பேரம் பேசவில்லை என்ற வினா இங்கு எழுவது இயல்பே. தொழிலாளர் சங்க உரிமையை வழங்கிய 1935-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்திலிருந்து ‘தனி ஒப்பந்ததாரர்கள்’, அதாவது எவருக்கும் ஊழியராக இல்லாமல் தன் பொறுப்பில் தொழில் செய்வோர், 1947-இன் திருத்தத்தால் வெளியேற்றப்பட்டனர். மாடல்கள் அவ்வகையினராகவே நடத்தப்பட்டதால், அவர்கள் கூடிக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தால் அதுவே போட்டிக்கு எதிரான சதி என்று குற்றஞ்சாட்டப்படும் ஆபத்து இருந்தது. ஏஜென்சிகள் கூடிப் பேசியதாக வழக்குத் தொடுத்தவர்கள் தாம் கூடிப் பேச முடியாதவர்களாக இருந்தனர். முன்னாள் மாடல் சாரா ஜிஃப் 2012-இல் தொடங்கிய ‘மாடல் அலையன்ஸ்’ சங்கமாக அன்றி, உரிமைக்கான அமைப்பாகவே இயங்க வேண்டியிருந்ததற்கு இதுவே காரணம்.

பிரான்சு இம்முடிச்சை 1969 டிசம்பரிலேயே அவிழ்த்திருந்தது. அங்கு இயற்றப்பட்ட சட்டம், மாடலுக்குப் பணம் கொடுத்து வேலை வாங்கும் எந்த ஒப்பந்தமும், தரப்பினர் அதற்கு என்ன பெயர் சூட்டினாலும், கூலி எவ்வளவாயினும் எம்முறையில் கொடுக்கப்பட்டாலும், ஊழியர் ஒப்பந்தம் என்றே ஊகிக்கப்படும் என்றது. சட்டமொழியில் ‘ஊகம்’ என்றால், மாறானது மெய்ப்பிக்கப்படும்வரை உண்மையென ஏற்கப்படுவது. பின்னர் ஏஜென்சிகளுக்கு உரிமமும் கட்டாயமாயிற்று. பாரிஸ் அதனால் மாடல்களின் சொர்க்கமாகிவிடவில்லை. அயல்நாட்டுச் சிறுமிகள் அங்கும் ஏமாற்றப்பட்டனர். எனினும், நீதிமன்றப் படியேறும் மாடல் ‘நான் தொழிலாளி’ என்று நிறுவ வேண்டிய சுமை அங்கு இல்லை.

உலகின் கவனம் இத்தொழிலின் மீது விழுந்தது கூலியால் அன்று, சாவினால். 2006 ஆகஸ்டில் உருகுவேயின் லூயிசெல் ராமோசும், நவம்பரில் பிரேசிலின் அனா கரோலினா ரெஸ்டனும் உணவைக் குறைத்து உடல் நலிந்து இறந்தனர். முன்னவருக்கு வயது 22, பின்னவருக்கு 21. இடையில் செப்டம்பரிலேயே மாட்ரிட் ஃபேஷன் வாரத்தின் அமைப்பாளர்கள், எடையை உயரத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் உடல் நிறை எண் 18-க்குக் குறைந்தவர்களை மேடையேற்ற மறுத்தனர். இஸ்ரேல் 2013 முதல் 18.5 என்ற எல்லையைச் சட்டமாக்கியது. பிரான்சு 2017-இல் மருத்துவச் சான்றிதழைக் கட்டாயமாக்கி, மீறுவோர்க்கு ஆறு மாதச் சிறையும் 75,000 யூரோ வரை அபராதமும் விதித்ததுடன், உடல்வாகைத் திருத்திய விளம்பரப் படங்களில் ‘திருத்தப்பட்ட படம்’ என்று அச்சிடவும் ஆணையிட்டது. இவ்விதிகளின் நோக்கத்தைக் குறை கூற இயலாது. ஆனால் எண்ணைக் கொண்டு அளக்கும் விதியில் சோதனைக்கு உள்ளாவது மாடலின் உடல்தான். சிறிய அளவில் மட்டுமே மாதிரி ஆடையைத் தைத்து வைத்துக்கொண்டு அதற்குள் நுழையும் பெண்ணைத் தேடும் ஆடையகம் தராசில் ஏறுவதில்லை. நியூயார்க் இவ்வழியில் செல்லவில்லை. அங்குள்ள வடிவமைப்பாளர் மன்றம் 2007-இல் கட்டாயமற்ற சில வழிகாட்டுதல்களை வெளியிட்டதோடு நின்றது.

அம்மாநிலம் முதலில் அசைந்தது குழந்தைகளுக்காக. நடிக்கும் குழந்தையின் வருமானத்தில் ஒரு பகுதியைப் பெற்றோரும் தொடமுடியாத வைப்பில் போட வேண்டும் என்ற கொள்கை, ஜாக்கி கூகன் என்ற குழந்தை நட்சத்திரத்தின் பணம் கரைந்துபோனதை அடுத்துக் கலிபோர்னியாவில் 1939-இல் சட்டமானது. நியூயார்க்கில் குழந்தை நடிகர்களுக்கு இருந்த காப்பு, மேடையில் நடக்கும் சிறுமிக்கு மட்டும் கிட்டாதிருந்தது. மாடல் அலையன்ஸின் முயற்சியால் 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் 18 வயதுக்குட்பட்ட மாடல்களையும் அவ்வரையறைக்குள் கொண்டுவந்தது: பணி அனுமதிச் சீட்டு, வருமானத்தில் 15 விழுக்காடு வைப்பு, வேலை நேர வரம்பு, 16 வயதுக்குட்பட்டவர்க்கு உடன் வரும் பொறுப்பாளர் ஆகியவை கட்டாயமாயின. அனுமதிச் சீட்டும் துணையாளும் தேடும் தொல்லையை விட 18 நிரம்பியவரைத் தேடுவது எளிது என்ற எண்ணம் நிறுவனங்களிடையே உருவாக இச்சட்டம் வழிவகுத்தது எனலாம்.

வயது வந்தவர்களின் நிலையிலிருந்த முரண்பாட்டைத் தெளிவாகக் காட்டுவது குடிவரவுச் சட்டம். தமிழ்நாட்டு மென்பொருள் பொறியாளர் வீடுகளில் அன்றாடச் சொல்லாகிவிட்ட எச்-1பி விசாவின் ஓர் உட்பிரிவில்தான் அமெரிக்கா செல்லும் அயல்நாட்டு மாடல்களும் அடங்குகின்றனர். பட்டப்படிப்பு வேண்டா, ‘சிறப்பான தகுதியும் திறமையும்’ இருந்தால் போதும். ஆண்டுக்கு 65,000 என்ற பொது ஒதுக்கீட்டில் அவர்களும் பொறியாளர்களோடு பங்கு பெறுகின்றனர். இந்த விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் முதலாளி. ஆகவே ஏஜென்சி கூட்டாட்சி அரசிடம் ‘நானே இவருடைய முதலாளி, இன்ன சம்பளம் தருவேன்’ என்று உறுதி கூறிக் கையொப்பமிடுகிறது; மாநிலச் சட்டத்தின் முன்னரோ, தான் மேலாளர் மட்டுமே, மாடல் தனி ஒப்பந்ததாரர் என்கிறது. ஒரே மேசையில், ஒரே பேனாவால், ஒரே பெண்ணைக் குறித்து எழுதப்படும் இரு வாக்குமூலங்கள் இவை. ஏஜென்சியை விட்டு விலகினால் நாட்டை விட்டே போக நேரிடும் என்ற அச்சமும் அவளுக்கு உண்டு.

இப்பின்னணியில் 2022-இல் மாநிலச் சட்டமன்றத்தில் முன்மொழியப்பட்ட ‘ஃபேஷன் தொழிலாளர் சட்டம்’ இரு முறை தேங்கி, 2024 ஜூனில் நிறைவேறி, ஆளுநர் கேத்தி ஹோக்குலின் கையெழுத்தை அவ்வாண்டு டிசம்பரில் பெற்று, 2025 ஜூன் 19-இல் நடைமுறைக்கு வந்தது. மேலாண்மை நிறுவனங்கள் மாநிலத் தொழிலாளர் துறையில் பதிவு செய்ய வேண்டும். தரகு 20 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது. ஒப்பந்தம் மூன்றாண்டுக்கு மிகலாகாது. சேர்வதற்கென எந்தக் கட்டணமோ வைப்புத் தொகையோ கேட்கலாகாது. ஏற்பாடு செய்யும் வீட்டுக்குச் சந்தை வாடகைக்கு மேல் வாங்கலாகாது. பவர் பத்திரத்தை நிபந்தனையாக்கலாகாது. ஒரு நாளில் எட்டு மணிநேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி உண்டு. மாடலின் நலனையே முன்வைத்து நடக்கும் ‘நம்பிக்கைப் பொறுப்பு’, அதாவது சொத்தைக் காக்கும் அறங்காவலருக்குச் சட்டம் விதிக்கும் கடமையைப் போன்றது, நிறுவனத்தின் மீது சுமத்தப்பட்டது. மேலாண்மை என்ற சொல்லுக்குள் ஒளிந்தவர்களை அச்சொல்லாலேயே பிடித்தது இச்சட்டத்தின் சாமர்த்தியம். 50 ஆண்டுகளுக்கு முன் 10 விழுக்காட்டு வரம்பிலிருந்து தப்பி உயர்த்திக்கொண்ட அதே 20 விழுக்காடே இப்போது சட்டபூர்வமான உச்சவரம்பாகிவிட்டதும் உடன் கவனிக்கத்தக்கது. வெற்றி எனப் பாராட்டப்பட்டபோது இதை எவரும் உரக்கச் சொல்லவில்லை.

சட்டத்தின் மற்றொரு பிரிவு வரலாற்றை அதன் தொடக்கத்துக்கே கொண்டு சேர்க்கிறது. செயற்கை நுண்ணறிவின் துணையால் மாடலின் எண்ணிம நகலை உருவாக்கி, அவர் உடுத்தாத ஆடையில், அவர் நிற்காத இடத்தில் நிறுத்திக் காட்ட இன்று இயலும். சுவீடனைச் சேர்ந்த ஆடை நிறுவனம் ஒன்று 2025-இல் 30 மாடல்களின் நகல்களை உருவாக்கப்போவதாக அறிவித்தது. அத்தகைய நகலுக்கு மாடலின் தனியான எழுத்துமூல இசைவு வேண்டும் என்றும், எதற்காக, எவ்வளவு காலத்துக்கு, என்ன கூலிக்கு என்பவை அதில் குறிக்கப்பட வேண்டும் என்றும், மேலாண்மை ஒப்பந்தத்துக்குள்ளேயே அவ்விசைவைப் புகுத்திவிடலாகாது என்றும் சட்டம் கூறுகிறது. ராபர்சனின் படத்தை 25,000 தாள்களில் அச்சிட்ட மாவு நிறுவனத்துக்கு அச்சகம் தேவைப்பட்டது. இன்று நகலெடுக்கும் கருவிக்கு அந்த எண்ணிக்கை ஒரு பொருட்டன்று. ஆனால் 1903-இன் சட்டம் கேட்டது இசைவை மட்டும். 2024-இன் சட்டம் இசைவோடு கூலியையும் எழுதச் சொல்கிறது.

மையக் கேள்விக்கு மட்டும் இச்சட்டமும் விடை தரவில்லை. மாடல் என்பவர் யார் என வரையறுக்குமிடத்தில், அவர் தனி ஒப்பந்ததாரராயினும் ஊழியராயினும் இச்சட்டம் பொருந்தும் என்று கூறி அது நகர்ந்துவிடுகிறது. தொழிலாளர் என்ற சொல் சட்டத்தின் தலைப்பில் இருக்கிறது. மாடல் ஒரு தொழிலாளி என்று அறிவிக்கும் விதி அதன் உட்பிரிவுகளில் இல்லை.

(தொடரும்)